பட்டதாரிகள் எத்தனை பேர் இருப்பார்கள்? இந்தியா, சீனா பற்றிய நீண்டகால முன்கணிப்புகளை ஒப்பிடும் முறை

2050இல் இந்தியாவில் எத்தனை பட்டதாரிகள் இருப்பார்கள், சீனாவில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று கேட்டால், இரண்டு வளைகோடுகள் கொண்ட ஒரு வரைபடத்தை இணையத்திலிருந்து எடுத்துவிடுவது எளிது. அந்த வரைபடத்தை வைத்துக்கொண்டு எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று தீர்மானிப்பதற்குத்தான் உழைப்பு வேண்டும். ஆய்வேடு எழுதும் மாணவர்கள், செய்தியாளர்கள், கல்வித் திட்டங்களில் பணியாற்றுவோர் ஆகியோருக்காக அந்த வேலையைச் செய்யும் முறையை இங்கே விளக்குகிறேன். பெருக்கல், வகுத்தல் தெரிந்து, எக்செல் போன்ற ஒரு கணக்குத்தாளைத் திறக்கத் தெரிந்தால் போதும்.

இத்தகைய அட்டவணைகளைப் பல ஆண்டுகளாகக் கையாண்டதில் எனக்கு ஒன்று உறுதியாகத் தெரிகிறது. ஒப்பீட்டில் நேரும் பெரிய பிழைகள் வருங்காலத்தைப் பற்றிய அனுமானங்களில் தொடங்குவதைவிட, இன்றைய மக்களை எண்ணும் விதத்தில்தான் அதிகம் தொடங்குகின்றன. ஆகவே முன்கணிப்புக்குள் நுழையுமுன் அதன் தொடக்கப்புள்ளியில் நெடுநேரம் செலவிட வேண்டும். இவ்வழிகாட்டியிலும் பெரும்பகுதி அதற்கே செல்கிறது.

நேர்கோட்டில் நீட்டாதீர்கள்

இந்தியாவின் 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பட்டப்படிப்பும் அதற்கு மேலும் படித்தவர்கள் ஏறத்தாழ 3.77 கோடிப் பேர், 2011இல் 6.83 கோடிப் பேர். சீனாவின் 2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் உயர்கல்வி நிலையை எட்டியவர்கள் சுமார் 11.96 கோடிப் பேர், 2020இல் 21.84 கோடிப் பேர். இரு நாடுகளிலும் பத்தாண்டு வளர்ச்சி 80 சதவீதத்தைச் சற்றே தாண்டுகிறது. இந்த ஒற்றுமையைக் கண்டவுடன் அதே வேகத்தை முன்னோக்கி நீட்டிப் பார்க்கத் தோன்றும். சீனாவின் 21.84 கோடியைப் பத்தாண்டுக்கு 80 சதவீதம் என்று மூன்று முறை பெருக்கினால் 2050க்கு 127 கோடி என்று விடை வருகிறது. ஆனால் ஐக்கிய நாடுகள் அவையின் 2024ஆம் ஆண்டு மக்கள்தொகை முன்கணிப்பின்படி 2054இல் சீனாவின் மொத்த மக்கள்தொகையே 121 கோடிதான். கைக்குழந்தை முதல் தொண்ணூறு வயது முதியவர் வரை அனைவரும் பட்டதாரிகளாக இருந்தாலும் அந்த விடைக்கு ஆள் போதாது. நீட்டிப் பார்க்கும் முறை எங்கே உடைகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. வயது, இறப்பு, பிறப்பு ஆகிய மூன்றையும் கணக்கில் கொள்ளாத எந்தக் கோட்டையும் ஒப்பீட்டுக்கு எடுக்க வேண்டாம்.

உயர்கல்வி பெற்றவர் என்று யாரை எண்ணினார்கள்?

மேலே இரு நாட்டு எண்களையும் அடுத்தடுத்து வைத்தேன். ஆனால் அவை ஒரே பொருளை எண்ணிய எண்கள் அல்ல. இந்தியக் கணக்கெடுப்பின் 'பட்டதாரியும் அதற்கு மேலும்' என்ற வகையில் பாலிடெக்னிக் பட்டயம் பெற்றவர்கள் சேரமாட்டார்கள். பட்டத்துக்கு இணையாகாத பட்டயங்களும் சான்றிதழ்களும் தனி வகையாக வைக்கப்படுகின்றன. சீனக் கணக்கெடுப்பிலோ தாஜுவான் எனப்படும் பட்டத்துக்குக் குறைவான, பெரும்பாலும் மூன்றாண்டுகள் படிக்கும் தொழிற்கல்லூரிப் படிப்பும் உயர்கல்விக்குள் அடங்கும். நம் ஊர் பாலிடெக்னிக்கை மனத்தில் கொண்டால் அதன் தன்மை ஓரளவு விளங்கும்.

இதைவிட நுட்பமான வேறுபாடு ஒன்று, சீனக் கணக்கெடுப்பு அறிக்கையின் அடிக்குறிப்பில் இருக்கிறது. ஒருவரின் கல்வி நிலையைக் குறிக்கும்போது படித்து முடித்தவர், இடையில் நின்றவர், தற்போது படித்துக்கொண்டிருப்பவர் ஆகிய மூவரையும் அந்த நிலையிலேயே சேர்த்து எண்ணுவதாக அது கூறுகிறது. இந்தியக் கணக்கெடுப்பில் முடித்த படிப்புதான் கணக்கு, முதலாண்டு பி.ஏ. படிக்கும் பெண், பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவராகவே பதிவாகிறார். 2010இல் சீனாவில் உயர்கல்வியின் எல்லா வடிவங்களிலும் சேர்த்துச் சுமார் 3.1 கோடிப் பேர் படித்துக்கொண்டிருந்தனர். அவர்களை 11.96 கோடியிலிருந்து முழுவதுமாகக் கழித்தால் ஏறத்தாழ 8.9 கோடி மிஞ்சுகிறது. அப்படிக் கழிப்பது சற்று மிகைதான். ஏனெனில் முதுகலை மாணவர்களைப் போலச் சிலர் முன்பே ஒரு படிப்பை முடித்திருப்பார்கள். எனினும், ஓர் அடிக்குறிப்பால் எண்ணிக்கையில் கால் பங்கு அசைகிறது என்பதை அது காட்டுகிறது.

யுனெஸ்கோவின் பன்னாட்டுக் கல்வி வகைப்பாடு இத்தகைய வேறுபாடுகளைச் சமப்படுத்தவே உருவாக்கப்பட்டது. அதன் 2011ஆம் ஆண்டுப் பதிப்பில் நிலை 5 குறுகிய காலத் தொழில்சார் உயர்கல்வி, நிலை 6 இளநிலைப் பட்டம், நிலை 7 முதுநிலை, நிலை 8 முனைவர் பட்டம். நீங்கள் எடுக்கும் முன்கணிப்பு நிலை 5இலிருந்து எண்ணுகிறதா, 6இலிருந்து எண்ணுகிறதா என்பதை முதலில் கண்டுபிடித்து, அதை அட்டவணையின் தலைப்பிலேயே எழுதிவையுங்கள். 'மேல்நிலைக் கல்விக்குப் பிந்தைய கல்வி' என்று பொதுவாகக் குறிப்பிட்டிருந்தால், அதைப் 'பட்டதாரிகள்' என்று மொழிபெயர்க்க வேண்டாம். தமிழ்ச் செய்திக் கட்டுரைகளில் இந்தப் பிழை அடிக்கடி கண்ணில் படுகிறது. ஒரு சொல்லை மாற்றியதால் பல கோடிப் பேர் இல்லாத பட்டத்தைப் பெற்றுவிடுகிறார்கள்.

எந்த எண்ணால் வகுப்பது?

சதவீதம் என்று சொன்னவுடன், எதில் சதவீதம் என்று கேட்க வேண்டும். இந்தியாவின் 6.83 கோடிப் பட்டதாரிகளை 2011இன் மொத்த மக்கள்தொகையான 121.09 கோடியால் வகுத்தால் 5.6 சதவீதம் வருகிறது. பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களால் மட்டும் வகுத்தால் 8.15 சதவீதம் வருகிறது. சீனாவுக்கு 2010இல் மொத்த மக்கள்தொகையில் 8.9 சதவீதம், பதினைந்து வயதுக்கு மேற்பட்டோரில் சுமார் 10.7 சதவீதம். முதல் வகையில் பார்த்தால் சீனாவின் விகிதம் இந்தியாவைப் போல் 1.6 மடங்கு, இரண்டாம் வகையில் 1.3 மடங்குதான். இந்த வேறுபாட்டுக்குக் கல்லூரிகளோடு எந்தத் தொடர்பும் இல்லை. அன்றைய இந்தியாவில் பத்தில் மூவர் பதினைந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். சீனாவில் ஆறில் ஒருவர். குழந்தைகள் அதிகமுள்ள நாடு, மொத்த மக்கள்தொகையால் வகுக்கும்போது கல்வியில் பின்தங்கியதாகத் தோன்றும்.

முன்பு சொன்ன, படித்துக்கொண்டிருப்போரைக் கழிக்கும் திருத்தத்தையும் இதோடு சேர்த்தால் சீனாவின் விகிதம் 8 சதவீதத்தை ஒட்டி இறங்கிவிடுகிறது. அதாவது 2010ஐ ஒட்டிய காலத்தில், வயதுவந்தோர் அனைவரையும் ஒன்றாக எடுத்துக்கொண்டால், இரு நாடுகளும் பெரும்பாலோர் நினைப்பதைவிட அருகருகே இருந்தன. வரலாறு அறிந்தவர்களுக்கு இது வியப்பைத் தராது. 1966 முதல் 1976 வரையான பண்பாட்டுப் புரட்சிக் காலத்தில் சீனாவில் காவ்காவ் எனப்படும் தேசிய நுழைவுத்தேர்வு நிறுத்தப்பட்டிருந்தது. பல்கலைக்கழகங்கள் சில ஆண்டுகள் மூடியே கிடந்தன. 1977 டிசம்பரில் தேர்வு மீண்டும் நடந்தபோது 57 லட்சம் பேர் எழுதி, ஏறத்தாழ 2.7 லட்சம் பேர் இடம் பெற்றனர். 1998இல்கூட ஆண்டுச் சேர்க்கை 10.8 லட்சம்தான். 1999இல் அரசு சேர்க்கையை ஒரே ஆண்டில் 16 லட்சம் அளவுக்கு உயர்த்தியதிலிருந்துதான் பெருக்கம் தொடங்கியது. ஆகவே 2010இல் சீனாவின் முதியோரிடம் பட்டம் மிகக் குறைவு, இளையோரிடம் வெகு அதிகம். சராசரி இந்த இரண்டையும் கலந்து மறைத்துவிடுகிறது.

ஒப்பீட்டுக்கு நான் பரிந்துரைப்பது 25 முதல் 64 வயது வரையுள்ளோர் என்ற வரம்பு. பெரும்பாலோர் இருபத்தைந்து வயதுக்குள் படிப்பை முடித்துவிடுகிறார்கள். அறுபத்து நான்கோடு நிறுத்துவதால் மிக முதிய தலைமுறையின் சுமை விகிதத்தில் ஏறாது. வளர்ச்சியின் திசையை அறிய 25–34 வயதினரைத் தனியாக ஒரு வரிசையில் எழுதுங்கள். எனக்கு ஒரே ஒரு வரிசைக்குத்தான் இடம் உண்டு என்றால் அதைத்தான் வைத்துக்கொள்வேன்.

சேர்க்கை விகிதத்தைப் பிரித்துப் படித்தல்

முன்கணிப்பைப் பற்றி எழுதுவோர் தவறாமல் மேற்கோள் காட்டும் எண், உயர்கல்வி மொத்தச் சேர்க்கை விகிதம். இந்தியாவில் 2021–22ஆம் ஆண்டுக்கான அனைத்திந்திய உயர்கல்வி ஆய்வின்படி இது 28.4. சீனாவில் 2023இல் 60.2. இதிலிருந்து 'இந்தியாவில் நூறு இளைஞர்களில் 28 பேர் கல்லூரிக்குச் செல்கிறார்கள்' என்று எழுதுவது பிழை.

இந்த விகிதம் எப்படி உருவாகிறது என்று பாருங்கள். மேலே இருப்பது எந்த வயதானாலும் அன்று படித்துக்கொண்டிருக்கும் எல்லா மாணவர்களின் எண்ணிக்கை. கீழே இருப்பது குறிப்பிட்ட வயது வரம்பிலுள்ள மக்கள். இந்தியா 18 முதல் 23 வரை ஆறு வயதுகளை எடுக்கிறது. சீனா 18 முதல் 22 வரை ஐந்து வயதுகளை எடுக்கிறது. படிப்போ மூன்று அல்லது நான்கு ஆண்டுகளில் முடிந்துவிடுகிறது. இளநிலை, முதுநிலை எல்லாம் கலந்து ஒரு மாணவர் சராசரியாக நான்கு ஆண்டுகள் படிக்கிறார் என்று இரு நாடுகளுக்கும் பொதுவாக ஓர் எண்ணை வைத்துக்கொள்வோம். இந்தியாவில் ஆறு வயதுகளில் 28.4 சதவீதம் என்பது 1.7 வயதுகளுக்கு இணையான மாணவர்கள்; அதை நான்கால் வகுத்தால் 0.43. அதாவது ஒவ்வொரு வயதிலும் நூற்றுக்கு ஏறத்தாழ 43 பேர் ஏதோவொரு உயர்கல்விப் படிப்பில் சேர்கிறார்கள். சீனாவில் ஐந்து வயதுகளில் 60.2 சதவீதம் என்பது 3 வயதுகள். நான்கால் வகுத்தால் நூற்றுக்கு 75 பேர். இரு மடங்குக்கு மேல் தெரிந்த இடைவெளி 1.75 மடங்காகச் சுருங்குகிறது. நான்கு ஆண்டுகள் என்பது என் அனுமானம், நீங்கள் 3.5 என்றும் வைத்துப் பார்க்கலாம். எதை வைத்தாலும், சேர்க்கை விகிதமும் ஒரு தலைமுறையில் படித்தவர்களின் பங்கும் வெவ்வேறு பொருள்கள் என்பது தெளிவாகிவிடும்.

சேர்ந்தவர் எல்லாரும் முடிப்பதில்லை என்பதையும், இந்திய எண்ணில் பட்டய மாணவர்களும் அடங்குவர் என்பதையும் மறக்க வேண்டாம். 2021–22இல் இந்தியாவில் உயர்கல்வித் தேர்ச்சி பெற்று வெளியேறியவர்கள் 1.07 கோடிப் பேர் என்று அதே ஆய்வு கூறுகிறது. ஆனால் அதில் பி.எஸ்சி. முடித்தவரும் எம்.எஸ்சி. முடித்தவரும் தனித்தனியே இருப்பதால், ஒரே ஆள் சில ஆண்டு இடைவெளியில் இருமுறை எண்ணப்படுகிறார். ஆண்டுதோறும் வரும் தேர்ச்சி எண்களைக் கூட்டிப் பட்டதாரிகளின் மொத்தத்தைக் கண்டுபிடிக்க முயல்வோர் இதனால் எப்போதும் மிகையான விடையையே பெறுவார்கள்.

புதிய கல்விக் கொள்கை 2035க்குள் 50 சதவீதச் சேர்க்கை விகிதத்தை எட்ட வேண்டும் என்கிறது. அது இலக்கு, முன்கணிப்பு அல்ல. இரண்டையும் ஒரே வரைபடத்தில் வைக்க நேர்ந்தால் இலக்கைப் புள்ளியாகவும் முன்கணிப்பைக் கோடாகவும் வரைந்து காட்டுங்கள்.

ஒரு தலைமுறையைக் குறுக்காகத் தொடர்தல்

இனி முன்கணிப்புக்கு வருவோம். கல்வி நிலை வாரியாக உலக நாடுகள் அனைத்துக்கும் முன்கணிப்பு வெளியிடுவதில் முன்னோடி, வியன்னாவிலுள்ள விட்கென்ஸ்டைன் மையம். வொல்ஃப்காங் லூட்ஸ், சமீர் கேசி ஆகியோர் இப்பணியில் முதன்மையானவர்கள். மக்களை வயது, பால், கல்வி நிலை என்று மூவகையாகப் பிரித்து, ஐந்தாண்டுக்கு ஒரு படி என 2100 வரை நகர்த்திச் செல்வது அவர்களது முறை. அவர்களது தரவுத்தளத்தில் நாடு, ஆண்டு, வயது, பால், கல்வி ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்து அட்டவணையை இலவசமாகத் தரவிறக்கலாம்.

தரவிறக்கியவுடன் வரைபடம் போடத் தொடங்காமல், கணக்குத்தாளில் ஆண்டுகளைக் கிடைவரிசையிலும் ஐந்தாண்டு வயதுப் பிரிவுகளை நெடுவரிசையிலும் வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் உயர்கல்வி பெற்றோரின் சதவீதத்தை நிரப்புங்கள். பிறகு 2020இல் 30–34 வயது என்ற கட்டத்தில் விரலை வையுங்கள். ஒரு படி வலப்புறம், ஒரு படி கீழே நகர்த்தினால் 2025இல் 35–39. அவர்கள் அதே மனிதர்கள். இப்படியே குறுக்காக இறங்கினால் 2050இல் 60–64 வயதில் வந்து நிற்பீர்கள். முப்பது வயதைக் கடந்தபின் ஒருவரின் கல்வி நிலை பெரும்பாலும் மாறுவதில்லை. ஆகவே இந்தக் குறுக்குக் கோட்டில் சதவீதம் ஏறக்குறைய நிலையாக இருக்க வேண்டும். படித்தவர்கள் சற்றுக் கூடுதலாக வாழ்வதால் மெல்ல ஏறலாம். படித்தவர்கள் வெளிநாடு செல்வதால் மெல்லக் குறையலாம். 20 சதவீதமாக இருந்தது நடுவயதில் திடீரென 28 ஆனால் உங்கள் தாளில் எங்கோ பிழை இருக்கிறது. ஒருமுறை என் தாளில் அப்படி ஒரு தாவல் வந்து, அரை நாள் தேடியபின், பழைய பதிப்பின் கோப்பும் புதிய பதிப்பின் கோப்பும் ஒன்றோடொன்று கலந்திருந்ததைக் கண்டுபிடித்தேன். வரைபடத்தில் அது அழகான, நம்பத்தகுந்த உயர்வாகவே தெரிந்தது. அன்றிலிருந்து குறுக்குக் கோட்டைச் சரிபார்க்காமல் எந்த எண்ணையும் நான் வெளியே கொடுப்பதில்லை.

இந்தத் தாளை வைத்துப் பார்த்தால் 2050ஐப் பற்றி எவ்வளவு இப்போதே முடிவாகிவிட்டது என்பதும் புலப்படும். 2050இல் 55 முதல் 64 வயதில் இருக்கப்போகிறவர்கள் 2020இல் 25 முதல் 34 வயதினர்; அவர்களது படிப்பு முடிந்துவிட்டது. 2050இல் 25 வயதாகப் போகிறவர்கள் 2025இல் பிறந்தவர்கள். எனவே 25–64 வரம்பில் பிறக்காத ஆள் ஒருவரும் இல்லை. இளைய பாதிப் பேரின் கல்வியில் மட்டுமே அனுமானம் நுழைகிறது. 2100ஆம் ஆண்டுக்கு வரும்போது நிலைமை தலைகீழ்: அன்று அறுபத்தைந்துக்குக் கீழே இருக்கப்போகிற எவரும் இன்னும் பிறக்கவில்லை.

வரத்தும் இருப்பும்

மேட்டூர் அணையைப் பற்றிய செய்தியில் நீர்வரத்து, நீர் இருப்பு என்று இரண்டு எண்கள் வரும். அவற்றைக் குழப்பிக்கொள்ள மாட்டோம். பட்டதாரிகள் விஷயத்திலும் ஆண்டுதோறும் புதிதாக வருவோர் வேறு, நாட்டில் மொத்தமாக இருப்போர் வேறு. இவ்விரு நாடுகளை ஒப்பிடும்போது இந்த வேறுபாடுதான் எல்லாவற்றிலும் பொருள் செறிந்தது.

சீனாவில் 2025இல் உயர்கல்வி நிறுவனங்களிலிருந்து வெளியேறியவர்கள் 1.22 கோடிப் பேர். 2024இல் அங்கே பிறந்த குழந்தைகள் 95.4 லட்சம். அக்குழந்தைகள் 2042இல் பதினெட்டு வயதை அடையும்போது நூற்றுக்கு எண்பது பேர் உயர்கல்விக்குச் சென்றாலும் அது 76 லட்சத்தைத் தாண்டாது. ஆக, சீன இளைஞர்களில் படித்தவரின் பங்கு உயர்ந்துகொண்டே போகும். படித்து வெளியேறும் தலைகளின் எண்ணிக்கை குறையும். இந்த இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும் என்பதை வாசகருக்கு விளக்காமல் ஒன்றை மட்டும் சொன்னால், அவர் தவறான படத்தோடு எழுந்து செல்வார்.

இந்தியாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2.3 கோடிக் குழந்தைகள் பிறக்கின்றனர். பதினெட்டு வயதை எட்டுவோர் 2.2 கோடி என்று வைத்தால், நூற்றுக்கு 35 பேர் உயர்கல்விக்குச் சென்றாலே சீனாவின் 76 லட்சத்தை எட்டிவிடலாம். முன்பகுதியில் கண்ட நூற்றுக்கு 43 என்ற தோராயத்தை நினைவில் கொண்டால், இந்தியா இப்போதிருக்கும் அளவைக் காத்துக்கொண்டாலே 2040களின் தொடக்கத்தில் ஆண்டு வரத்தில் சீனாவை முந்தும் வாய்ப்பு அதிகம் என்பது தெரிகிறது.

ஆனால் இருப்பு அவ்வளவு விரைவில் மாறாது. 1999க்குப் பின் சீனக் கல்லூரிகளில் நுழைந்த பெருந்திரளான தலைமுறைகள் 2050இல் எழுபது வயதைச் சுற்றியும் அதற்குக் கீழும் இருப்பார்கள். அவர்கள் இருக்கும்வரை சீனாவின் மொத்த இருப்பு உயரமாகவே நிற்கும். அதே நேரத்தில் பண்பாட்டுப் புரட்சியில் படிப்பை இழந்த, 1950ஐ ஒட்டிப் பிறந்த தலைமுறை மறைந்துகொண்டிருக்கும். யாரும் புதிதாகப் படிக்காமலேயே வயதுவந்தோரில் பட்டதாரிகளின் சதவீதம் அதனால் ஏறும். இந்தியாவிலும் பள்ளிக்கே செல்லாத மூத்த தலைமுறைப் பெண்களின் மறைவு இதே விளைவைத் தரும். சதவீதம் உயர்வதைக் கண்டவுடன் அதற்கு அரசின் கொள்கையே காரணம் என்று எழுதிவிடாதீர்கள். 25–34 வயதினரின் சதவீதம் உயர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அனுமானத் தொகுப்புகளைத் தேர்ந்தெடுத்தல்

விட்கென்ஸ்டைன் மையத்தின் முன்கணிப்புகள் ஒற்றை விடையாக வருவதில்லை. பருவநிலை ஆய்வாளர்களும் பயன்படுத்தும் ஐந்து எதிர்காலப் பாதைகளோடு அவை இணைக்கப்பட்டுள்ளன. முதல் பாதையில் கல்வி வேகமாகப் பரவுகிறது, பிறப்பும் இறப்பும் குறைகின்றன. இரண்டாவது, கடந்தகாலப் போக்கின் நடுத்தரத் தொடர்ச்சி. மூன்றாவதில் கல்வி விரிவு தேங்கிவிடுகிறது. இந்த மூன்றையும் இரு நாடுகளுக்கும் எடுத்தால் போதும். மற்றவை சிறப்புத் தேவைக்கு உரியவை. ஒரு நாட்டுக்கு முதல் பாதையையும் மற்றதற்கு இரண்டாவதையும் வைத்து ஒப்பிடுவது நேர்மையற்ற செயல். அது தெரியாமலும் நடக்கும் என்பதால் ஒவ்வொரு எண்ணின் அருகிலும் பாதையின் பெயரையும் பதிப்பின் ஆண்டையும் குறித்துவையுங்கள்.

கல்வி அனுமானம் மாறினால் இந்தியாவின் மொத்த மக்கள்தொகையும் மாறும் என்பதைக் கவனிக்க வேண்டும். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வில், பள்ளிக்குச் செல்லாத பெண்களின் மொத்தக் கருவள விகிதம், அதாவது ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாகப் பெறும் குழந்தைகளின் எண்ணிக்கை, 2.8, பன்னிரண்டு ஆண்டுகளும் அதற்கு மேலும் படித்த பெண்களுக்கு 1.8. பெண் கல்வி விரைவாகப் பரவும் பாதையில் சதவீதக் கணக்கின் தொகுதியும் பகுதியும் எதிரெதிர்த் திசைகளில் நகர்கின்றன. சீனாவில் கருவளம் எல்லாத் தரப்பிலும் ஏற்கெனவே மிகக் குறைந்துவிட்டதால் இந்த விளைவு சிறிது. ஆகவே பாதைகளுக்கிடையிலான அகலம் இந்தியாவுக்கு அதிகமாக இருப்பதைக் கண்டு, இந்தியக் கணிப்பு தரம் குறைந்தது என்று முடிவுகட்டக் கூடாது.

சீனாவின் நிச்சயமின்மை வேறிடத்தில் இருக்கிறது. 2100இல் சீன மக்கள்தொகை எவ்வளவு என்பதற்கு ஐக்கிய நாடுகள் அவை 2019இல் 106.5 கோடி என்றது, 2022இல் 76.7 கோடி, 2024இல் 63.3 கோடி. ஐந்தே ஆண்டுகளில் ஐந்தில் இரண்டு பங்கு குறைந்துவிட்டது. அன்று சீனரில் பாதிப்பேர் உயர்கல்வி பெற்றிருப்பார்கள் என்று வைத்துக்கொண்டால், எந்தப் பதிப்பை எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து விடை 53 கோடி, 38 கோடி, 32 கோடி என மாறுகிறது. இந்தியாவுக்கு அதே மூன்று பதிப்புகளிலும் 2100ஆம் ஆண்டு எண் 145 கோடிக்கும் 153 கோடிக்கும் இடையிலேயே நின்றது. 2100ஐ ஒப்பிட்டே ஆக வேண்டும் என்றால் சதவீதத்தை மட்டும் ஒப்பிடுங்கள். தலைகளின் எண்ணிக்கையை 2050ஓடு, அதிகம் போனால் 2060ஓடு, நிறுத்திக்கொள்வது நல்லது.

நாட்டின் உள்ளே

தேசியச் சராசரியை நகர்த்தும் எந்த முன்கணிப்பும் இந்தியாவில் ஒரு சிக்கலைச் சந்திக்கிறது. 2021–22இல் தமிழ்நாட்டின் சேர்க்கை விகிதம் 47, பீகாரில் 17.1. கருவளம் இதற்கு நேரெதிர்: தமிழ்நாட்டில் 1.8, பீகாரில் 3.0. அதாவது நாளைய மாணவர்களில் பெரும்பங்கினர், இன்று கல்லூரி வாய்ப்பு குறைவாக உள்ள மாநிலங்களில் பிறக்கிறார்கள். விளைவை ஒரு சிறு கணக்கில் பார்க்கலாம். சேர்க்கை 47 உள்ள மாநிலத்திலும் 17 உள்ள மாநிலத்திலும் இளைஞர்கள் சம அளவில் இருந்தால் சராசரி 32. இரண்டாவது மாநில இளைஞர்கள் இரு மடங்கானால், எந்த மாநிலத்திலும் சேர்க்கை சற்றும் குறையாமலேயே சராசரி 27க்கு இறங்கிவிடும். மாநில வாரியாகக் கணித்துக் கூட்டிய முன்கணிப்பும் நாடு முழுவதையும் ஒன்றாக வைத்துக் கணித்ததும் இதனால் வேறுபடும். சமீர் கேசியும் உடன் ஆய்வாளர்களும் 2018இல் இந்தியாவுக்கு இதை எடுத்துக்காட்டினர். சீனாவிலும் உயர்கல்வி நிலையை எட்டியவர்கள் பெய்ஜிங்கில் லட்சத்துக்கு 41,980 பேர், நாடு முழுவதும் லட்சத்துக்கு 15,467 பேர் என்ற இடைவெளி 2020இல் இருந்தது. ஆனால் அங்கே மாகாணங்களுக்கிடையே கருவள வேறுபாடு இந்தியாவைப்போல் விரிந்திருக்கவில்லை. கிடைத்தால், இந்தியாவுக்கு மாநில வாரிக் கணிப்பையே எடுங்கள்.

எழுதும்போது

'2050இல் இந்தியா சீனாவை முந்தும்' என்று எழுதாதீர்கள். எதில் முந்தும் என்பதையும், எந்த வயதினர், எந்தக் கல்வி நிலை, எந்தப் பாதை, எந்தப் பதிப்பு என்பதையும் அதே வாக்கியத்தில் சேர்த்து எழுதினால் வாக்கியம் நீளும், நீளட்டும். எண்களைக் கோடிக்கு ஒரு தசமத்தோடு முழுமையாக்குங்கள். முப்பது ஆண்டுகளுக்கு அப்பாலுள்ள ஓர் எண்ணைக் கடைசித் தலை வரை எழுதுவது, இல்லாத துல்லியத்தை இருப்பதாகக் காட்டும். பட்டம் பெற்றவர்களுக்கு வேலை கிடைக்குமா, அந்தப் பட்டத்தின் தரம் என்ன என்ற கேள்விகள் முக்கியமானவை. ஆனால் இந்த அட்டவணைகளில் அவற்றுக்கு விடை இல்லை, வலிந்து தேடவும் வேண்டாம்.

உங்கள் கணக்குத்தாளில் ஒரு பக்கத்தைத் தொடக்கத் தரவுக்கென்றே ஒதுக்கி, ஒவ்வொரு எண்ணும் எந்த ஆண்டின் எந்தக் கணக்கெடுப்பிலிருந்து வந்தது என்று எழுதிவையுங்கள். இந்தியாவின் 2021 கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், இப்போதுள்ள இந்திய முன்கணிப்புகள் யாவும் 2011இன் அடித்தளத்தின் மேல் மாதிரி ஆய்வுகளை அடுக்கி எழுப்பப்பட்டவை, 28.4 என்ற சேர்க்கை விகிதத்தின் கீழுள்ள இளைஞர் எண்ணிக்கைகூட 2011இலிருந்து கணித்துப் பெற்றதே. 2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாகக் கொண்ட புதிய கணக்கெடுப்பின் வயது வாரிக் கல்வி அட்டவணை வெளிவரும் நாளில், அந்தப் பக்கத்தில் இந்தியாவுக்கான நெடுவரிசையை முழுவதும் மாற்றி நிரப்பி, 30–34 வயதுக் கட்டத்தில் மீண்டும் விரலை வைத்துக் குறுக்காக இறங்கிப் பாருங்கள்.